திவாலுக்குப் பிறகு கார்டைத் தொடலாமா?

வாசகர் ஒருவர், 12 மார்ச் 2022

மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் மறுபடி கிரெடிட் கார்டு வாங்குவது, குடியை விட்டவன் மதுக்கடையில் வேலைக்குச் சேர்வது போன்றது. அமெரிக்காவில் சாப்டர் 7 என்ற திவால் மனு போட்டு, கடன் தள்ளுபடியாகி வெளியே வந்தவர்கள் ரொக்கத்திலும் டெபிட் கார்டிலுமே காலத்தை ஓட்ட வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணம் சொல்லுங்கள்.

12 மார்ச் 2022, இரவு

உங்கள் மதுக்கடை உவமை பிரமாதம். நானும் அதைத்தான் நம்பினேன். நம்பியதால் ஒன்றரை வருடம் வீணானது.

2019 செப்டம்பரில் சாப்டர் 7 மனு போட்டேன். ஐந்து கார்டுகள், 61,000 டாலர். நகை வாங்கவில்லை, ஊர் சுற்றவில்லை. வேலை போய்ப் பதினொரு மாதம், வாடகையும் மளிகையும் கார்டில் ஓடின. கடைசி நாட்களில் ஒரு கார்டில் ரொக்கம் எடுத்து இன்னொரு கார்டின் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினேன். வட்டி குட்டி போட்டது, அந்தக் குட்டியும் குட்டி போட்டது. 2020 ஜனவரியில் கடன் விடுவிப்பு உத்தரவு வந்தது. அன்றிலிருந்து சூடு கண்ட பூனை மாதிரி கார்டு என்ற சொல்லையே அண்டவில்லை.

2021 ஜூலையில் வேலைக்காக வேறு ஊரில் ஒற்றையறை ஒன்றை வாடகைக்குக் கேட்டேன். கடன் மதிப்பெண் குறைவு என்று மறுப்பார்கள் என எதிர்பார்த்துப் போனால், "உங்களுக்கு மதிப்பெண்ணே வரவில்லை" என்றார்கள். ஃபைகோ என்னும் அந்தக் கடன் மதிப்பெண்ணைக் கணக்கிட, குறைந்தது ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது இருக்க வேண்டும். கடந்த ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஒரு கணக்கிலாவது புதிய தகவல் வந்திருக்க வேண்டும். என் பழைய கணக்குகள் எல்லாம் மூடிக் கிடந்தன, புதிதாக எதுவும் இல்லை. டெபிட் கார்டை நாளுக்குப் பத்து முறை தேய்த்தாலும் கடன் அறிக்கை தயாரிக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் அது தெரியப்போவதில்லை. ஆக, ரொக்கத்தில் ஒழுங்காக வாழ்ந்த ஒன்றரை வருடத்துக்கு அறிக்கையில் சாட்சியே இல்லை. 2030 ஜனவரி வரை அதில் இருக்கப்போவது "திவால்" என்ற ஒரு வரி மட்டும்தான்.

13 மார்ச் 2022

நேற்று எழுதியதில் தவறு. சாப்டர் 7 வரி பத்து வருடம் நிற்கும் என்பது சரி. ஆனால் அந்தப் பத்து வருடம் உத்தரவு தேதியிலிருந்து அல்ல, மனு போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது. எனக்கு 2029 செப்டம்பர். நான்கு மாதம் லாபம். தவணையில் கடனைக் கட்டும் சாப்டர் 13 என்றால் ஏழு வருடத்தில் எடுத்துவிடுகிறார்கள். கட்டாமல் விட்ட கார்டுக் கணக்குகள் ஒவ்வொன்றும் முதல் தவறுதலிலிருந்து ஏழு வருடத்தில் தனியாக உதிர்ந்துவிடும்.

19 மார்ச் 2022

எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டவருக்கு: டெபாசிட் கார்டு. 300 டாலரை வங்கியிடம் கொடுத்தேன், 300 டாலர் வரம்புள்ள கார்டு தந்தார்கள். என் பணத்தை என்னிடமே கடனாகக் கொடுத்து, கெடு தவறினால் அதற்கு வட்டியும் வாங்குவார்கள். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் மாதாமாதம் மூன்று நிறுவனங்களுக்கும் தகவல் போகும், தேவை அதுதான். விண்ணப்பிக்கும் முன் மூன்றுக்கும் போகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

முதல் வாரமே அவமானம். பெட்ரோல் பங்கில் கார்டைச் செருகி 31 டாலருக்கு நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து மளிகைக் கடைக்குப் போனேன். 180 டாலர் சாமான். கார்டு ஏறவில்லை. இன்னொரு முறை செருகினேன், ஏறவில்லை. 31 போனால் மீதி 269 இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் கழித்தல் போட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் நான்கு பேர். வரிசையில் இருந்த ஒரு குழந்தை என் கூடையில் இருந்த தக்காளிகளை எண்ணிக்கொண்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது: எவ்வளவு நிரப்புவோம் என்று பங்குக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் நூறு டாலருக்கு மேல் ஒரு தொகையை முதலில் பிடித்து வைக்கிறார்கள். உண்மையான தொகை பதிவாகும்வரை அந்தப் பிடிப்பு வரம்பைத் தின்றுகொண்டிருக்கும். பத்தாயிரம் வரம்பு இருந்த காலத்தில் இதைக் கவனித்ததே இல்லை. சாமானை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். டெபிட் கார்டு பையில்தான் இருந்தது, அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

19 மார்ச் 2022, சற்றுப் பின்

தபால்பெட்டியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. உத்தரவு வந்த மாதத்திலிருந்து கார்டு அழைப்புகள் குவிந்தன. கடன் கட்டாதவனுக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "உங்களிடம் இப்போது பழைய கடன் எதுவும் இல்லை. முந்தைய மனுவிலிருந்து எட்டு வருடத்துக்கு மறுபடி சாப்டர் 7 விடுவிப்பும் கிடையாது. உங்களைவிடப் பாதுகாப்பான வாடிக்கையாளர் யார்?" அன்று முதல் அந்த உறைகளைப் பிரிப்பதில்லை. சிலவற்றில் டெபாசிட் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், சேர்க்கைக் கட்டணம் பொடி எழுத்தில் இருக்கும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் வருடக் கட்டணங்கள் வரம்பில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 300 டாலர் வரம்பென்றால் 75 டாலரைச் சட்டப்படியே விழுங்கலாம். டெபாசிட்டாவது ஒருநாள் திரும்பி வரும்.

2 ஏப்ரல் 2022

பலர் தடுக்கி விழும் இடம்: கார்டின் மாதக் கணக்கு முடிக்கும் தேதி வேறு, பணம் கட்டும் கெடு தேதி வேறு. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 21 நாள் இருக்கும். பெரும்பாலும், கணக்கு முடியும் அன்று நிற்கும் நிலுவையைத்தான் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். 300 வரம்பில் 240 செலவழித்துக் கெடுவுக்குள் முழுவதையும் கட்டினேன். எனக்கு அது யோக்கியமான நடத்தை. அறிக்கையிலோ "வரம்பில் 80 சதவீதம் பயன்படுத்துகிறார்" என்று இருந்தது. அறிக்கையில் நிற்கும் நிலுவையின் பங்கு ஃபைகோ கணக்கில் 30 சதவீதம், ஒழுங்காகக் கட்டிய வரலாறு 35 சதவீதம். இரண்டாவதில் முழுப் பெயர் வாங்கி முதலாவதில் கோட்டைவிட்டேன். இப்போது கணக்கு முடிய மூன்று நாள் இருக்கும்போதே கட்டிவிட்டு, ஒரு செல்போன் கட்டணத்தை மட்டும் நிற்க விடுகிறேன்.

3 ஏப்ரல் 2022

இல்லை, நிலுவையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக் கொஞ்சம் வட்டி கட்டினால் மதிப்பெண் ஏறும் என்பது கட்டுக்கதை. யார் கிளப்பியது என்று தெரியவில்லை, வங்கிக்காரர் வீட்டுப் பாட்டியாக இருக்கலாம்.

27 மே 2022

அறிக்கையைப் படித்தீர்களா? நான் படித்தபோது விடுவிக்கப்பட்ட ஐந்து கார்டுகளில் ஒன்று இன்னும் 9,400 டாலர் பாக்கி என்று காட்டியது. உத்தரவுக்குப் பிறகு அந்தக் கணக்குகளில் நிலுவை பூஜ்யம் என்றும், திவாலில் சேர்ந்தது என்றும்தான் இருக்க வேண்டும். உத்தரவின் நகலையும், மனுவில் அந்தக் கடன் பட்டியலிடப்பட்ட பக்கத்தையும் பதிவுத் தபாலில் மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பினேன். பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இரண்டு திருத்திவிட்டன. மூன்றாவது, "சரிபார்த்தோம், தகவல் சரியே" என்று ஒற்றை வரி அனுப்பியது. எதைச் சரிபார்த்தார்களோ. அடுத்த முறை கடன் கொடுத்த வங்கிக்கும் நேரே எழுதினேன், நிலுவை பூஜ்யமானது.

நீதிமன்றம் இந்த நிறுவனங்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. பொது ஆவணங்களிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் குளறுபடி. இதையெல்லாம் செய்து தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் அழைத்தார். வேலையை முடிக்கும் முன் பணம் வாங்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது என்றேன். வைத்துவிட்டார்.

28 மே 2022

காரை மறந்துவிட்டேன். கார் கடனைத் தொடர்ந்து கட்டுகிறேன் என்று நீதிமன்றத்தில் மறு உறுதி ஒப்பந்தம் போடலாம். வக்கீல் வேண்டாமென்றார், நான் போடவில்லை. வங்கி காரைப் பறிக்கவில்லை, நானும் 26 தவணை ஒரு நாள் தவறாமல் கட்டினேன். ஒரு தவணைகூட அறிக்கையில் ஏறவில்லை. ஒப்பந்தம் இல்லை என்றால் பல வங்கிகள் தகவல் அனுப்புவதில்லை. போட்டிருக்கலாமோ என்று பல இரவுகள் யோசித்தேன். போட்டிருந்து, நடுவில் வேலை மறுபடி போயிருந்தால் அந்தக் கடன் முழுதாக என் கழுத்தில் விழுந்திருக்கும். வக்கீல் சொன்னது சரிதான். இருந்தாலும் 26 தவணை.

11 ஆகஸ்ட் 2022

என் மனைவி மனு போடவில்லை, அவர் பெயர் சுத்தம். ஒன்பது வருடப் பழைய கார்டு ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் என்னைக் கூடுதல் பயனராகச் சேர்த்திருக்கிறார். அந்தக் கணக்கின் வயது என் அறிக்கையிலும் ஏறியது, மதிப்பெண் ஒரே மாதத்தில் தாவியது. வீட்டில் "அங்கீகரிக்கப்பட்டவர்" என்ற பதவி எனக்குக் கிடைத்தது இதுதான் முதல் முறை.

ஆனால் அவர் சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. காரணம் கார்டு அல்ல, மச்சான்.

14 ஆகஸ்ட் 2022

மச்சான் கதையைக் கேட்டு நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

வேலை போன காலத்தில் மனைவியின் தம்பியிடம் 4,000 டாலர் கைமாற்று வாங்கினேன். மனு போடுவதற்கு ஐந்து மாதம் முன்பு, வங்கிகளுக்கு நாமம் போட்டாலும் சொந்தக்காரனுக்குப் போடக்கூடாது என்று, எங்கிருந்தோ புரட்டி அதைத் திருப்பிக் கொடுத்தேன். நல்லது செய்ததாக நினைப்பு.

மனு போட்ட பிறகு கடன்காரர்கள் கூட்டம் என்று ஒன்று நடக்கும். பெயர்தான் கூட்டம். கடன் கொடுத்தவர் ஒருவரும் வரவில்லை. நீளமான மேசை, களைத்த முகத்தோடு டிரஸ்டி (வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்), நான், வக்கீல். ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தார், சத்தியம் வாங்கினார். ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில், "கடந்த ஒரு வருடத்தில் உறவினர் யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீர்களா?" என்றார். படிவத்தில் எழுதியிருந்தேன், வாயாலும் சொன்னேன். பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து மச்சானுக்குக் கடிதம் போனது. மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் உறவினருக்குக் கொடுத்த பணம் மற்ற கடன்காரர்களை ஓரங்கட்டிச் செய்த சலுகை. டிரஸ்டி அதைத் திரும்பக் கேட்கலாம், எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கிட. மச்சான் கட்டினார். தன் பணத்தைத் தானே இரண்டாம் முறை இழந்தார். அதன்பின் என்னோடு பேசவில்லை. என் மனைவியிடம் பேசும்போதும் என்னைப் பற்றிக் கேட்பதில்லை.

நண்பனுக்குக் கொடுத்திருந்தால் பார்ப்பது 90 நாள் மட்டும். சொந்தத்துக்கு ஒரு வருடம். மனு போடும் எண்ணம் இருந்தால் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள்.

15 ஆகஸ்ட் 2022

ஊரில் இருக்கும் பூர்வீகச் சொத்தைக் காட்ட வேண்டுமா என்று தனியாகக் கேட்டவருக்கு, பொதுவிலேயே சொல்கிறேன்: காட்ட வேண்டும். சொத்து உலகின் எந்த மூலையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது உங்கள் சொத்து. அண்ணன் தம்பி நால்வர் பெயரில் இருக்கும் வீட்டில் கால் பங்கு என்றாலும் காட்ட வேண்டும். மறைத்தால் விடுவிப்பே மறுக்கப்படலாம், குற்ற வழக்கும் வரலாம்.

கிரீன் கார்டுக்குத் தடையா என்றால், திவால் என்பதே ஒரு தடை அல்ல. 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை ஐ-944 என்று ஒரு படிவம் இருந்தது, அதில் திவாலையும் கடன் மதிப்பெண்ணையும் கேட்டார்கள். பிறகு அந்தப் படிவமே போய்விட்டது.

6 பிப்ரவரி 2023

வழக்கெல்லாம் எதற்கு, வங்கியோடு பேசிப் பாதிக்கு முடித்துவிடலாமே என்கிறீர்கள். முடிக்கலாம். ஆனால் வங்கி விட்டுக்கொடுத்த பாதியை வருமான வரித்துறை பொதுவாக உங்கள் வருமானமாகப் பார்க்கும், 1099-சி படிவம் வரும். திவாலில் விடுவிக்கப்பட்டது வருமானம் ஆகாது. எனக்கும் ஒரு வங்கி தவறாமல் 1099-சி அனுப்பியது, அது வருமானமல்ல என்று காட்டும் படிவம் 982-ஐ இணைத்து வரிக்கணக்கைச் சமர்ப்பித்தேன். அந்தக் கவரைப் பார்த்த இரவு தூக்கம் போனது உண்மை.

30 ஜூன் 2023

கணக்கு முடிக்கும் தேதியைப் பற்றி உங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். ஓர் ஒப்புதல்: பெரும்பாலான ஃபைகோ பதிப்புகளுக்குப் போன மாதம் வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்தினோம் என்ற நினைவே இல்லை. இந்த மாதம் 80 என்றால் இறங்கும், அடுத்த மாதம் 5 என்றால் ஏறிக்கொள்ளும். ஏதாவது கடன் கேட்கப் போகும் மாதத்துக்கு முன்பு கவனித்தால் போதும். நான் ஒவ்வொரு மாதமும் நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டது பயத்தால். தாமதம் அப்படி அல்ல. 30 நாளைத் தாண்டிய தாமதம் ஏறினால் ஏழு வருடம் நிற்கும்.

9 ஜனவரி 2024

டெபாசிட் திரும்பிவிட்டது. 300 டாலருக்கு ஒரு காசோலை, அதே கார்டுக்கு டெபாசிட் இல்லாமல் 2,500 வரம்பு. காசோலையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி ஒரு வாரம் வைத்திருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதில் தொடக்கத்தில் கேட்டவருக்குப் பாதி வெற்றி. வரம்பு ஏறிய இரண்டாம் வாரம் 1,100 டாலருக்கு ஒரு மடிக்கணினி வாங்கினேன். பழையது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கெடு தேதியில் கையில் 700 இருந்தது. கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதம் தீர்த்தேன். தீர்த்த பிறகும் வால் மாதிரி ஒரு வட்டி வந்தது, ஏனென்றால் நிலுவையைத் தள்ளிய உடனே வட்டியில்லாக் காலம் போய்விடும், கட்டும் நாள்வரை தினமும் வட்டி ஓடும். தொகை சின்னது. ஆனால் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய குரல் என் தலைக்குள் பேசியதை நன்றாகக் கேட்டேன். வங்கியை அழைத்து வரம்பை 1,000ஆகக் குறைக்கச் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவருக்குப் புரியவில்லை, இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். வரம்பைக் குறைத்தால் சதவீதம் ஏறும், மதிப்பெண்ணுக்கு நல்லதல்ல என்று இங்கே வகுப்பெடுத்தவன் நான்தான். ஆமாம். குறைத்தேன்.

மதுக்கடையில் வேலை பார்க்க முடியும் ஐயா. ஆனால் கடை சாவியை அவனிடம் கொடுக்கக்கூடாது.

10 ஜனவரி 2024

வீட்டுக்கடன்: சாப்டர் 7 விடுவிப்பிலிருந்து இரண்டு வருடம் கழித்து எஃப்.ஹெச்.ஏ. என்னும் அரசு அமைப்பு உத்தரவாதம் தரும் கடனுக்குப் போகலாம். வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளில் நான்கு வருடம். எனக்கு இந்த மாதத்தோடு நான்கும் முடிகிறது. போகப்போவதில்லை. அதற்கு முன் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

4 மே 2024

என்ன கொடுக்க வேண்டியது என்று விடாமல் கேட்கிறீர்கள். விடுவிக்கப்பட்ட கடனை யாரும் கேட்டு வசூலிக்க முடியாது. கடனாளி தானாக விரும்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. ஜனவரியிலிருந்து மச்சானுக்கு மாதம் 200 டாலர் காசோலை அனுப்புகிறேன். முதல் மூன்றை அவர் வங்கியில் போடவில்லை. கணக்கைத் திறந்து பார்ப்பேன், 200 அப்படியே நிற்கும். ஏப்ரலில் நான்கையும் ஒரே நாளில் போட்டிருக்கிறார்.

21 செப்டம்பர் 2025

இருபதாவது காசோலை போன மாதம் மாறியது. இது எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் ஏறாது. காரின் 26 தவணைக்குத் துணையாக இருக்கட்டும்.

நேற்று மனைவி தம்பியோடு பேசிக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்தார். ஆறு வருடம் கழித்து, "அத்தான், நல்லா இருக்கீங்களா?" என்றார் மச்சான். பையன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறானாம், முதல் கார்டு எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். என்னிடம்!

இருபத்தொரு வயது ஆகாததால் அவன் பெயரில் சொந்த வருமானம் காட்ட வேண்டும், பகுதிநேர வேலை இருந்தால் போதும் என்றேன். டெபாசிட் கார்டே நல்லது, 300 வரம்பு, செல்போன் கட்டணம் மட்டும் அதில் போகட்டும். கொஞ்ச நாளைக்குப் பெட்ரோல் பங்கில் மட்டும் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். தக்காளிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.